நீங்கள் மட்டும் பார்க்கிற அந்த ஒரு வரி

பள்ளித் தோழர்கள் குரூப், குடும்ப குரூப், அப்பார்ட்மென்ட் குரூப், கோயில் திருப்பணி குரூப் என்று எதையாவது ஒன்றை நடத்திக்கொண்டிருக்கும் வாட்ஸ்அப் அட்மின்களுக்கு,

நானும் உங்களில் ஒருத்தி. தேனிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் 1998-இல் பத்தாம் வகுப்பு முடித்தவர்களின் குரூப்புக்கு நான்கு அட்மின்கள். அதில் ஒருத்தி நான். 2020 ஊரடங்கில், வீட்டுக்குள் அடைந்து கிடந்த நாட்களில் அதைத் தொடங்கினோம். "அவனோட மச்சான் சின்னமனூர்ல மருந்துக்கடை வச்சிருக்காரு, அவர்கிட்ட கேளு" என்று ஒவ்வொரு நம்பராகத் தேடிப் பிடித்தோம். இன்று 187 பேர். கொரோனா இரண்டாம் அலையில் தோழி ஒருத்தியின் கணவர் இறந்தபோது, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு ஒரே இரவில் பணம் சேர்ந்தது இந்தக் குரூப்பில்தான். சாவுச் செய்தி முதலில் இதில்தான் வருகிறது. ரத்தம் வேண்டும் என்றால் இதில்தான் கேட்கிறார்கள். அட்மின் வேலையைச் சின்ன வேலை என்று நான் நினைக்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நமக்கு மட்டும் தெரிகிற ஒரு வரி இருக்கிறது. முன்பெல்லாம் ஒருவர் குரூப்பைவிட்டுப் போனால் சாம்பல் நிறத்தில் ஓர் அறிவிப்பு எல்லோருக்கும் தெரியும். 2022 ஆகஸ்டில் வாட்ஸ்அப் அதை மாற்றியது. யாருடைய கேள்விக்கும் பதில் சொல்லாமல் சத்தமின்றி விலக நினைக்கிறவர்களுக்காகச் செய்த நல்ல மாற்றம் அது. அன்றிலிருந்து அந்த அறிவிப்பு அட்மின்களுக்கு மட்டும் வருகிறது. இன்னார் வெளியேறினார், அவ்வளவுதான். காரணம் எதுவும் அதில் இருக்காது. அந்த வரியைப் பார்த்துவிட்டு அடுத்த காலை வணக்கப் படத்துக்கு நகர்ந்துபோன நாட்கள் எனக்கு நிறைய உண்டு. உங்களுக்கும் இருக்கும்.

போன மார்கழியில் ஓர் இரவு அப்படி ஒரு வரி வந்தது. போனது யார் என்று பார்த்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. அவளைக் குரூப்பில் சேர்த்தவளே நான்தான்.

பள்ளியில் அவள் பையன்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நடையையும் குரலையும் வைத்து அவளுக்கு 'ஒம்போது' என்று பெயர் வைத்திருந்தார்கள். வாத்தியார் ஒருவர்கூட ஒருமுறை அப்படிக் கூப்பிட்டார். வகுப்பு மொத்தமும் சிரித்தது. பிளஸ் டூ முடித்த கையோடு அவள் ஊரைவிட்டுப் போனாள். இருபத்திரண்டு வருடம் கழித்து, கோவையில் ஒரு கல்யாணத்தில் சமையல் கான்ட்ராக்ட் எடுத்திருந்த திருநங்கையை எங்கள் வகுப்புத் தோழன் ஒருவன் அடையாளம் கண்டுகொண்டான். அவளுடைய விசிட்டிங் கார்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினான்.

நான் அவளுக்குப் போன் செய்யவில்லை. சேர்க்கலாமா என்று கேட்கவில்லை. நம்பரை நேராகச் சேர்த்தேன். அவளுடைய பழைய பெயரை எழுதி, 'கிடைச்சாச்சு!' என்று போட்டேன். கூடவே 1998 குரூப் போட்டோ. மூன்றாவது வரிசையில், ஒட்ட வெட்டிய தலையோடு நிற்கும் அவளைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டமும் போட்டேன். சந்தோஷத்தில் செய்ததுதான். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் நான் என்னவெல்லாம் செய்துவிட்டேன் என்று தெரியவர இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது.

அவளுடைய நம்பர் அத்தனை பேர் கைக்கும் போனது. அவள் டிபியில் பட்டுப்புடவையும் மல்லிகைப் பூவுமாக இருந்தாள். அந்த முகத்தையும், அவள் விட்டுவிட்டு வந்த பெயரையும், சிறுவயதுப் படத்தையும் ஒரே திரையில் நான் சேர்த்து வைத்துவிட்டேன். எங்கள் குரூப்பிலிருந்து கிளைத்த 'பசங்க மட்டும்' குரூப் ஒன்று உண்டு. ஒவ்வொரு பள்ளி குரூப்புக்கும் அப்படி ஒன்று இருக்கும், உங்களுக்குத் தெரியும். அன்று சாயங்காலமே ஸ்கிரீன்ஷாட் அங்கே போய்விட்டது.

மார்கழியில் அவள் போன பிறகு, பஸ் பிடித்துக் கோவைக்குப் போய் அவளைப் பார்த்தேன். பாத்திரங்கள் அடுக்கிய ஒரு ஷெட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே பேசினாள். கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்துக் காட்டினாள். நான் அவளைச் சேர்த்த அன்றிரவே தொடங்கியிருக்கிறது. 11.40-க்கு 'ஹாய்'. 11.52-க்கு 'தூங்கலையா'. 12.10-க்கு 'எவ்ளோ'. இன்னொரு ஆள், இன்னொரு இரவு. மூன்றாவதாகவும் ஒருவர். திரையின் மேலே பெயர் தெரிகிற இடத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டுதான் ஒவ்வொன்றையும் காட்டினாள். "யாருன்னு கேக்காத புள்ள. அவங்களுக்கும் பொண்டாட்டி பிள்ளைக இருக்கு" என்றாள்.

இத்தனைக்கும் அவள் வெளியேறவில்லை. இரண்டு வருடம் அந்தக் குரூப்பில் இருந்திருக்கிறாள். யாருக்குக் கல்யாணம், யார் பிள்ளைக்கு டாக்டர் சீட், எந்த வாத்தியார் காலமானார் என்று எல்லாவற்றையும் வாசித்திருக்கிறாள். ஒரு வார்த்தை எழுதியதில்லை. "ஊர் வாசம் வருமேன்னு இருந்தேன்" என்றாள்.

அவளை வெளியேற வைத்தது ஒரு வீடியோ. ரயில் பெட்டி. மேல் பெர்த்திலிருந்து யாரோ எடுத்திருக்கிறார். திருநங்கை ஒருவர் கை தட்டிக் காசு கேட்கிறார். ஒரு பயணி ஏதோ சொல்ல, மற்றவர்கள் சிரிக்க, அவர் திரும்பி நடக்கிறார். நாற்பது விநாடிதான். 'இந்த ஒம்போதுங்க தொல்ல தாங்க முடியல' என்று தலைப்பு. பலமுறை பகிரப்பட்டது என்பதைக் காட்டும் இரட்டை அம்புக்குறியோடு அது எங்கள் குரூப்புக்கு வந்தது. வரிசையாகச் சிரிப்பு முகங்கள். பெண் வேடத்தில் இடுப்பை ஆட்டும் சினிமா காமெடியன் ஸ்டிக்கர்கள். அந்த ஸ்டிக்கர்கள் எங்கிருந்து வருகின்றன என்று நமக்குத் தெரியும். பல வருடங்களாக நம் சினிமா காமெடி என்ற பெயரில் இதைத்தான் ஊட்டியிருக்கிறது. 2015-இல் 'ஐ' படம் வந்தபோது, எங்களை இப்படிக் காட்டாதீர்கள் என்று திருநங்கைகள் சென்னையில் போராடியதும் நினைவிருக்கும். காட்சி திரையரங்கைவிட்டுப் போன பிறகும் ஸ்டிக்கராக நம் கைக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

"அந்தப் பொண்ணு திரும்பும்போது முந்தானையால மூஞ்சிய மூடுறா, பாத்தியா?" என்று கேட்டாள் என் தோழி. நான் பார்க்கவில்லை. பிறகு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "சிரிச்சவங்கள்ல நீயும் இருந்தியா?"

எனக்கு நினைவில்லை. அவள் எதிரிலேயே போனைத் திறந்து, விரலால் தள்ளித் தள்ளி அந்த நாளைத் தேடினேன். சிரிப்பு முகங்களில் என் பெயர் இல்லை. ஒரு மூச்சு விட்டேன். இன்னும் சற்றுக் கீழே போனதும் என் பெயர் இருந்தது. வீடியோ வந்த நான்காவது நிமிடத்தில், ரோஜாப் படத்தோடு, 'இரவு வணக்கம் நண்பர்களே' என்று நான் எழுதியிருந்தேன்.

அட்மின்களே, அந்த ரோஜாப் படத்தைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன். வீடியோ போட்டவர் ஒருவர். சிரித்தவர்கள் ஒரு இருபது பேர். மற்ற 160 சொச்சம் பேரும் என்ன நினைத்தார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் கண்ணுக்குத் தெரிந்தது, குரூப்பை நடத்துகிறவள் அதைப் பார்த்துவிட்டு இரவு வணக்கம் சொன்னது மட்டும்தான்.

இதே இணையம் அவளுக்கு வேறொன்றையும் கொடுத்திருக்கிறது. 2007 வாக்கில், கோவை காந்திபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டர். மணிக்கு இருபது ரூபாய். தன்னைப் போன்றவர்களைப் பற்றித் தமிழில் ஏதாவது இருக்குமா என்று தேடியிருக்கிறாள். பக்கம் திறந்ததும் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. சென்டர் பையன் வந்து தமிழ் எழுத்துருவைப் போட்டுக் கொடுத்தான். திரையில் லிவிங் ஸ்மைல் வித்யாவின் வலைப்பூ. அதே வருடம் 'நான், சரவணன் வித்யா' என்று புத்தகம் எழுதியவர். "நம்மள மாதிரி ஒருத்தி, அழகாத் தமிழ்ல, தன் கதையத் தானே எழுதுறா. ரெண்டு மணி நேரம் உக்காந்து படிச்சேன், நாப்பது ரூவா" என்றாள். மரத் தடுப்புக்குள் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். பையன் எட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டானாம். அந்தப் பையனை இன்றும் நல்லவன் என்கிறாள்.

அவள் ஒருத்தி மட்டுமா? சென்னையில் பால்புதுமையருக்கான 'ஓரினம்' அமைப்பு 2003-இல் ஒரு மின்னஞ்சல் குழுவாகத்தான் தொடங்கியது. வெளியில் முகம் காட்ட முடியாதவர்கள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டார்கள். வீடு கொடுக்காத பெயரை, தெரு கொடுக்காத மரியாதையைப் பலருக்கு முதலில் கொடுத்தது இணையத்தின் ஏதோ ஒரு மூலைதான். நாம் நடத்துகிற குரூப்பும் இணையத்தில் ஒரு மூலைதானே.

'சும்மா ஜோக்குக்குப் போட்டது, இதை ஏன் பெரிசாக்குறீங்க' என்பார்கள். எங்கள் குரூப்பிலும் சொன்னார்கள். அவர்களுக்கு 2018 மே மாதத்தை நினைவூட்டுகிறேன். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி தென் மாநிலங்களில் சுற்றிய மாதம். திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு வயதான அம்மாவை ஊரே கூடி அடித்துக் கொன்றது. அதே மாதக் கடைசியில் ஐதராபாத்தின் சந்திராயன்குட்டாவில் ஒரு திருநங்கையைக் கூட்டம் அடித்துக் கொன்றது. அதன் பிறகு ஜூலையில்தான், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாது என்று வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. முன்பின் தெரியாத ஒருத்தியைக் கண்டதும் கல்லெடுக்கத் தோன்ற வேண்டுமென்றால், அவளைப் போன்றவர்கள் மனிதர்களே இல்லை என்று அதற்கு முன்பே பலமுறை கேட்டுப் பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கம் இப்படி நாற்பது விநாடி நாற்பது விநாடியாகத்தான் வருகிறது.

குடும்ப குரூப் நடத்துகிற அட்மின்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் குரூப்பில் பதினாறு, பதினேழு வயதில் ஒரு பிள்ளை இருக்கும். சித்தப்பாவின் மகன், பெரியம்மாவின் பேத்தி. எதுவும் எழுதாது. பொங்கலுக்கு ஒரு வாழ்த்து, பிறந்தநாளுக்கு ஒரு கேக் படம். தன் மனம் யார் பக்கம் போகிறது என்பதை அந்தப் பிள்ளை இன்னும் யாரிடமும் சொல்லியிருக்காது. சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை அது முன்கூட்டியே தெரிந்துகொள்கிற இடம் உங்கள் குரூப்தான். மாமா ஃபார்வர்டு செய்த ஜோக்கையும், அதற்குக் கீழே அப்பா போட்ட சிரிப்பையும், அம்மா போட்ட 'கலி முத்திடுச்சு' என்ற வரியையும் அது வாசிக்கிறது. தன் வீட்டின் பதில் அதற்குக் கிடைத்துவிடுகிறது. நீங்களோ, நம் வீட்டில் அப்படி யாரும் இல்லை என்று இருக்கிறீர்கள்.

அப்படி வீட்டுக்குப் பயந்தவர்களின் வழக்கு ஒன்று உண்டு. மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் ஒருவரையொருவர் நேசித்து, வீட்டு எதிர்ப்புக்குப் பயந்து சென்னைக்கு வந்தார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இந்த விஷயத்தில் முழுப் புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அதன் பிறகுதான் 2021 ஜூன் 7 அன்று உத்தரவைக் கொடுத்தார். 'சரிசெய்கிறோம்' என்று சொல்லி நடத்தப்படும் மருத்துவத்துக்குத் தடை, காவல்துறைக்கு அறிவுறுத்தல் என்று நிறைய அதில் வந்தன. அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2022 ஆகஸ்டில் தமிழக அரசு அரசிதழிலேயே ஒரு சொற்பட்டியல் வெளியிட்டது. திருநர், திருநம்பி, ஊடுபால், பால்புதுமையர் என்று, இழிவு இல்லாமல் அழைப்பதற்கான சொற்கள். உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் மாணவனாகப் போய் உட்கார்ந்தார். நம்மால் ஒரு சொல்லை மாற்றிக்கொள்ள முடியாதா?

சட்டம் நம்மைப் பிடிக்குமா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் பிடிக்காது. கரூரில் வழக்கறிஞர்கள் குரூப் ஒன்றில் யாரோ போட்ட பதிவுக்காக அட்மின்மீதும் வழக்குப் பதிந்தபோது, 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, வெறும் அட்மினாக மட்டும் இருந்தார் என்றால் அவர் பெயரை நீக்கிவிட வேண்டும் என்று சொன்னது. சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். அடுத்தவர் எழுதியதற்கு நாம் சிறைக்குப் போக முடியாது. போடுகிறவர் நிலைமை வேறு. வெளிப்படையான பாலியல் படம் பகிர்ந்தால், முதல் முறையே, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஏ பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை. திருநர்களை வார்த்தையால் துன்புறுத்தினாலும் தண்டனை உண்டு என்கிறது 2019 சட்டம். ஆனால் நான் உங்களிடம் சட்டத்தைக் காட்டி எதையும் கேட்கவில்லை. நூற்றுக்கணக்கானவர்களை ஒரே கூரையின் கீழ் கூப்பிட்டு உட்கார வைத்தவர்கள் நாம். பந்தியில் ஒருத்தரை இன்னொருத்தர் அவமானப்படுத்தினால் கல்யாண வீட்டுக்காரர் என்ன செய்வார்? அதைத்தான் கேட்கிறேன்.

யாரையும் கேட்காமல் சேர்க்காதீர்கள். 'என்னை யார் சேர்க்கலாம்' என்று தீர்மானிக்கும் வசதி 2019-லிருந்தே வாட்ஸ்அப்பில் இருக்கிறது. பலருக்கு அது தெரியாது. அதைச் சாக்காக வைத்துக்கொள்ள வேண்டாம். போன் செய்து, சேர்க்கலாமா, எந்தப் பெயரில் அறிமுகம் செய்யட்டும் என்று கேளுங்கள். இது திருநர்களுக்காக மட்டும் சொல்வதில்லை. கணவனைவிட்டு வந்து, அவனிடமிருந்து நம்பரை மறைத்து வாழ்கிற பெண்கள் உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள். பள்ளி குரூப்பில் நம்பர் வந்த மறுநாளே இரவு 'ஹாய்' வாங்கிய தோழிகள் எங்கள் குரூப்பில் மூன்று பேர். நான் விசாரிக்கத் தொடங்கிய பிறகுதான் சொன்னார்கள். அதுவரை, ஏன் போய்ச் சேர்ந்தாய் என்று வீட்டில் திட்டுவார்களே என்று பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

இழிவான ஒன்று வந்தால் எடுத்துவிடுங்கள். 2022-லிருந்து அட்மினால் எவர் போட்டதையும் எல்லோருக்குமாக நீக்க முடிகிறது. ஆனால் நீக்குவதோடு நிறுத்தாதீர்கள். போட்டவரைத் தனியாகக் கூப்பிட்டு, 'ஏன்பா இப்படி' என்று சொல்லிவிட்டால் போதும் என்று நாங்களும் நினைத்திருந்தோம். அவமானம் குரூப்பின் நடுவில் நடந்தது. பதிலும் நடுவில்தான் வர வேண்டும். நீளமான உபதேசம் வேண்டாம். 'இப்படிப்பட்டது இங்கே வேண்டாம், நம்மோடு இருக்கிறவர்களை இது காயப்படுத்தும்' என்று ஒரு வரி. யாரைக் காயப்படுத்தும் என்று பெயர் சொல்லிவிடாதீர்கள். எந்த மூலையிலோ வாசித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அந்த ஒரு வரி போய்ச் சேரும்.

நாங்கள் அப்படி ஒரு வரி சொன்னபோது ஆறு பேர் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். இன்னார் வெளியேறினார் என்ற வரிகளும் எனக்கு வந்தன. ஆறு பேருக்கும் போன் செய்தேன். இரண்டு பேர் எடுக்கவேயில்லை. ஒருவர், 'நீ ரொம்ப மாறிட்ட' என்றார். இன்னொருவர் அரை மணி நேரம் திட்டிவிட்டு, கடைசியில் குரல் தணிந்து, தன் அக்கா மகன் ஒருவன் சென்னையில் இருக்கிறான், ஐந்து வருடமாக வீட்டுக்கு வருவதில்லை, ஏன் என்று தெரியவில்லை என்றார். நான் எதுவும் சொல்லவில்லை. அவரும் மேலே சொல்லவில்லை. மறுநாள் காலை, என்னைத் திரும்பச் சேர்த்துவிடு என்று செய்தி அனுப்பினார்.

யாராவது வெளியேறினால் தயவுசெய்து ஒரு போன் செய்யுங்கள். திரும்பி வா என்று கேட்பதற்காக இல்லை. காரணம் சொல்லியே ஆக வேண்டும் என்று வற்புறுத்தவும் வேண்டாம். நீ போனதைக் கவனித்தேன் என்று அவர்களுக்குத் தெரிந்தால் போதும்.

என் தோழி குரூப்புக்குத் திரும்பவில்லை. திரும்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அது அவள் விருப்பம். சிவப்பு வட்டம் போட்ட அந்தப் படத்தை நீக்கப் போனேன். அத்தனை பழைய செய்தியை இனி எல்லோருக்குமாக நீக்க முடியாது என்று ஆகிவிட்டது. என் போனிலிருந்து மட்டும்தான் போனது. மற்றவர்கள் போனில் அது இன்னும் இருக்கும். இதை அவளிடம் சொன்னேன். "சரி விடு" என்றாள்.

வரும் மே மாதம் நாங்கள் எல்லோரும் ஊரில் கூடுகிறோம். சாப்பாட்டுப் பொறுப்பை எடுத்தவர்கள், நம்ம கூடப் படிச்சவதானே, சமையலை அவளிடமே கொடுத்துவிடலாம் என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். போனில் அவளைக் கேட்டேன். "சாப்பிடக் கூப்பிட்டா வர்றேன் புள்ள. சமைக்க வரல" என்றாள்.

வருகிறவர்கள் எல்லோருக்கும் சட்டையில், புடவையில் குத்திக்கொள்ளப் பெயர் அட்டை அடிக்கக் கொடுத்திருக்கிறோம். அட்டையில் என்ன எழுதட்டும் என்று அவளிடம் கேட்டேன். பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னாள். இனிஷியல் என்ன போட என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. எண்ணெயில் ஏதோ பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள் அம்மாவின் பெயரின் முதல் எழுத்தைச் சொன்னாள்.

அன்புடன்,
உங்களில் ஓர் அட்மின்